சுகம் பெற்ற பின் மீண்டும் குடி: அன்று கிடைத்த விடுதலை பொய்யா?

கேள்வி – மும்பை தாராவியிலிருந்து ஒரு சகோதரி:
சென்ற ஆண்டு உபவாச ஜெபத்தில் கண்ணீரோடு முழங்காலிட்ட என் கணவர், அன்றே குடியை விட்டு, நான்கு மாதம் சம்பளக் கவரைப் பிரிக்காமலே என் கையில் கொடுத்தார். இப்போது மீண்டும் குடிக்கிறார். அவர் பெற்ற விடுதலை மெய்யானதுதானா?

பதில் – மும்பை சயானிலிருந்து:
மெய்யானதுதான், சகோதரி. யோவான் 5-ஆம் அதிகாரத்தில், 38 ஆண்டுகள் வியாதியாயிருந்தவனைப் பெதஸ்தா குளத்தருகே எழுந்து நடக்கச் செய்த இயேசு, பிறகு அவனைத் தேவாலயத்தில் மறுபடியும் கண்டு, இனிப் பாவம் செய்யாதே என்று எச்சரிக்கிறார். சுகம் ஒரு நொடியில் வந்தது. வாழ வேண்டிய வாழ்வு அதன் பின்னர்தான் தொடங்கியது. சபையில் நாம் சொல்லும் சாட்சிகள் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமே.

பதில் – மும்பை மாகிமிலிருந்து ஒரு சகோதரர்:
நானும் குடித்தவன். புதன்கிழமை நவநாள் ஜெபத்துக்காக மாகிம் புனித மிக்கேல் ஆலயத்துக்குச் சென்றபோது மனம் உடைந்தது. ஆனால் வேலை முடிந்து திரும்பும்போது சாராயக் கடை இருக்கும் சந்துப் பக்கம் போகாமல், அரை மைல் சுற்றி நடந்ததுதான் என்னைக் காத்தது. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களிலும் ‘இன்று ஒரு நாள் குடிக்காமலிரு’ என்றே சொல்வார்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; ஆகவே ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி, மாகிம் சகோதரரே. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரை அழைத்துவருகிறேன். நீங்கள் அவரோடு பேசுவீர்களா?