பிரதேச சபைகளுக்கு அறிவியல் ஆலோசனை வழங்கப் பல்கலைக்கழகத்தில் ஓர் அலுவலகம் அமையுமா?

கேள்வி

வணக்கம். நான் வவுனியா மாவட்டத்தில் ஒரு பிரதேச சபையின் உறுப்பினர். சென்ற அமர்வில் பொதுக்கிணறு ஒன்றின் நீர்ப் பரிசோதனை அறிக்கை எங்கள் முன் வைக்கப்பட்டது. இரண்டு பக்கமும் ஆங்கிலம். ஃபுளோரைட்டு என்ற வரிக்கு நேரே லீற்றருக்கு 1.2 மில்லிகிராம் என்றிருந்தது. கிணற்றை மூடுவதா விடுவதா என்று தவிசாளர் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை, விடயம் ஒத்திவைக்கப்பட்டது. அக்குடும்பங்கள் இன்றும் அதே தண்ணீரையே குடிக்கின்றன. அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் விரிவுரையாளர்கள் இருக்கும்போது, எங்களைப் போன்றவர்களுக்கு விளக்கம் தர ஓர் அலுவலகம் அமையாதா?

மறுமொழி 1

நான் விரிவுரையாளர். உங்கள் 1.2 உலக சுகாதார நிறுவனத்தின் 1.5 என்ற வரம்புக்குள் அடங்குகிறது. ஆனால் இலங்கைக் குடிநீர்த் தரத்தின் 1.0 என்ற வரம்பைத் தாண்டுகிறது. வெக்கையான வலயத்தில் மக்கள் அதிகம் தண்ணீர் குடிப்பதால் வரம்பைத் தாழ்த்தி வைப்பதே பொருத்தம். ஆகவே, குறிப்பாகப் பால்குடி மறந்த சிறுவர்கள் குடிப்பதற்கு வேறு நீர் தேட வேண்டும். குளிக்கவும் துவைக்கவும் கிணற்றைத் திறந்தே வைக்கலாம். இதைத் தமிழில் அரைப்பக்கத்தில் எழுதிவிடலாம். சிறுநீரக நோய்க்கும் இந்நீருக்கும் உள்ள தொடர்பு இன்னும் உறுதியாகவில்லை என்பதையும் அதே தாளில் மறைக்காமல் எழுத வேண்டும். தடை வேறிடத்தில் இருக்கிறது: பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளே பெரும்பாலும் எண்ணப்படுகின்றன, இத்தகைய குறிப்புகளை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

மறுமொழி 2

கலிபோர்னியாவில் சட்டமன்றத் தீர்மானத்தின் வழியே 1988இல் ஓர் அறிவியல் தொழில்நுட்பப் பேரவை உருவானது. பல்கலைக்கழகங்கள் அதற்குத் துணை நிற்கின்றன. 2009 முதல் முனைவர் பட்டம் பெற்றவர்களை அது ஓராண்டுக்குச் சட்டமன்ற அலுவலகங்களில் பணியாற்ற அனுப்புகிறது. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் 1989இல் தொடங்கிய அறிவியல் ஆலோசனை அலுவலகமோ நான்கு பக்கக் குறிப்புகளால் பெயர் பெற்றது. அமெரிக்கக் காங்கிரஸ் 1972இல் நிறுவிய இத்தகைய அலுவலகத்தை 1995இல் நிதி மறுத்து மூடியது. ஆதலால் நிதி எங்கிருந்து வரும் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3

கிளிநொச்சியில் வயல் செய்பவன் நான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் வந்தபோது, சிறுபோகத்துக்கு எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்ற கேள்விக்கு இரு தரப்பும் நம்பக்கூடிய ஒரு கணக்கை நாங்கள் காணவில்லை. அலுவலகம் அமைந்தால், தண்ணீரின் வரவு செலவை இரு பக்கமும் பிசகாமல் சொல்லட்டும். தண்ணீரைக் கொடுப்பதா மறிப்பதா என்று சொல்ல வேண்டியவர்கள் நாம் தெரிந்தெடுத்தவர்கள்தான். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை என்பதால், பிரதேச சபைகளிலிருந்தே தொடங்குவது நல்லது.

கேட்டவர்

நன்றி, ஐயாமாரே. விரிவுரையாளர் ஐயா, அந்த அரைப்பக்கத்தை எழுதித் தருவீர்களா? அறிக்கையின் இரண்டு பக்கங்களையும் உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். அடுத்த அமர்வுக்கு முன் கிடைத்தால் அதை நானே சபையில் வாசிப்பேன்.