2-இன் 67-ஆம் அடுக்கு கழித்தல் 1: பொலார்ட் முறையில் காரணி பிரியவில்லை, உதவுங்கள்

எண் 147573952589676412927, 21 இலக்கம். இது பகா எண் அல்ல என்று 1876-லேயே பிரெஞ்சுக் கணிதவியலர் லூக்கா காட்டிவிட்டார், ஆனால் காரணிகள் 1903-இல்தான் அமெரிக்கக் கணிதவியலர் கோல் கையில் சிக்கின: 193707721, 761838257287. எவ்வளவு அழகான கணக்கு! அடுத்த வாரம் கல்லூரிக் கணித மன்றத்தில் இதை பொலார்டின் பி-1 முறையில் (பி என்ற பகாக் காரணிக்கு பி-1 சிறு காரணிகளால் ஆனதாக இருந்தால் பி-யைப் பிடிக்கும் வழி) பிரித்துக் காட்ட வேண்டும், அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பைத்தான் 3-இல் எழுதியிருக்கிறேன், முழு எண்கள்தான், தசமம் எங்கும் இல்லை. அடிமானம் 2, அதன் அடுக்கு: 1 முதல் நான் வைக்கும் வரம்பு வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு. அந்த அடுக்கில் 1 கழித்து வரும் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி பார்த்தால், வரம்பு 66 வரை 1 என்றே வருகிறது, 67 ஆனதும் சட்டென்று அந்த 21 இலக்க எண்ணே அப்படியே வந்து நிற்கிறது, நடுவில் ஒரு காரணி மட்டும் தனியாக விழுவதே இல்லை. அடிமானத்தை 3 ஆக்கி வரம்பை 1000 வரை கொண்டுபோனேன், அப்போதும் 1-தான். வேறு எண்களில், உதாரணமாக 8051-இல், இதே நிரல் ஒழுங்காகப் பிரிக்கிறது. 134-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்களை வரிசையாகச் சோதித்தால் 193707721 கிடைத்துவிடுகிறது. சரி, ஆனால் நான் காட்ட வேண்டிய முறை அதுவல்ல.

அடிமானம் 2 என்றால் இரண்டு காரணிகளும் ஏன் சரியாக 67-இல் ஒன்றாகவே வந்து சேர்கின்றன?