சும்மா கிடந்த பெட்ரோல் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, எதில் தொடங்குவது?

கடலோரம்:
வேதாரண்யம் பக்கம் எங்கள் வீடு. மாமியாருக்கு நுரையீரல் பிரச்சினை, இரவில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்துத்தான் தூங்குகிறார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. அந்த அனுபவத்தால் 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். நான்கு ஸ்ட்ரோக், கயிறு இழுக்கிற வகை, இன்வெர்ட்டர் வகை இல்லை. போன மழைக்காலத்துக்கு அப்புறம் அதற்கு வேலை வரவில்லை. இப்போது எடுத்து இழுத்தால் ஒரு 'டப்' சத்தம்கூட இல்லை.

ஸ்விட்ச் ஆனில் இருக்கிறது, பெட்ரோல் காக் திறந்திருக்கிறது, சோக் (காற்றைக் குறைக்கிற மூடி) போட்டுத்தான் இழுக்கிறேன். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது, போன வருஷத்தது. கடையில் கேட்டால் ஒருவர் பிளக் என்கிறார், ஒருவர் பொறிக்கு மின்சாரம் தருகிற காயில் என்கிறார், இன்னொருவர் பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரையே புதிதாகப் போடச் சொல்கிறார். மழை தொடங்குவதற்குள் சரியாக வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:
தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். கோளாறு நெருப்பிலா (பிளக்கில் வருகிற பொறியிலா) பெட்ரோலிலா என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஜெனரேட்டரைச் சமதரையில் வைத்து இன்ஜின் ஆயில் அளவைப் பாருங்கள். இந்த மாதிரி மெஷின்களில் பெரும்பாலும் ஆயில் சென்சார் இருக்கும். ஆயில் குறைந்தால் அது ஸ்பார்க்கையே நிறுத்திவிடும். மெஷின் சாய்ந்து நின்றாலும் அப்படித்தான். பிளக், காயில் எல்லாம் மாற்றிவிட்டுக் கடைசியில் ஆயில் ஊற்றியதும் ஓடிய மெஷின்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆயில் சரியாக இருந்தால், சோக் போட்டு சில தடவை இழுத்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றுங்கள். முனை ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் வந்து சேர்கிறது, நெருப்பைச் சந்தேகப்படலாம். காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை.

அப்புறம் பிளக்கை அதன் கேப்பிலேயே மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி பிடித்து, இன்னொருவரைக் கயிறு இழுக்கச் சொல்லுங்கள். காப்புள்ள கட்டிங் பிளேயரால் பிடியுங்கள், வெறுங்கையால் வேண்டாம். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதனால் ஓட்டைக்குத் தள்ளியே வைத்துப் பாருங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் காயிலைத் தொட வேண்டியதே இல்லை.

கடலோரம்:
நன்றி அண்ணே. ஆயில் மேல் கோடு வரை இருக்கிறது. பிளக் முனை சுத்தமாகக் காய்ந்திருக்கிறது. பொறி நீலமாக, நன்றாகவே வருகிறது.

பட்டறைக்காரன்:
அப்படியானால் பெட்ரோல் வழிதான். டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு இழுத்துப் பாருங்கள். மூடியில் இருக்கிற காற்று ஓட்டை அடைத்திருந்தால் பெட்ரோல் கீழே இறங்காது. அதற்கும் அசையவில்லை என்றால் கார்புரேட்டரின் அடியில் ஒரு ட்ரெயின் ஸ்க்ரூ இருக்கும். கீழே கண்ணாடி டம்ளர் வைத்து, பெட்ரோல் காக்கைத் திறந்தபடி அதைத் தளர்த்துங்கள். பெட்ரோல் தொடர்ந்து ஒழுக வேண்டும். வெட்டவெளியில், இன்ஜின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள்.

நெல்வயல்:
டம்ளரில் பிடித்ததைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, 20 சதவீதம் வரை. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் எடுப்பதும் அடியிலிருந்துதான். கடலோரக் காற்றில் பாதி டேங்க்கோடு கிடந்த மெஷினுக்கு இதுவே போதும்.

கடலோரம்:
மூடியைத் தளர்த்தியும் பலனில்லை. ட்ரெயின் ஸ்க்ரூவில் சில சொட்டுதான் வந்தது. மஞ்சளாக, அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் தெரிகிறது. ஆனால் டேங்க்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றினால் நன்றாகக் கொட்டுகிறது.

பட்டறைக்காரன்:
குழாய் வரை வருகிறது, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துக்குள் இறங்கவில்லை. கிண்ணத்துக்கு வருகிற பெட்ரோலைத் திறந்து மூடுகிற மிதவை ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய பெட்ரோல் வற்றும்போது வார்னிஷ் போலப் பிசின் படியும், அந்தப் பிசினின் வேலைதான் இது. டேங்க்கைக் காலி செய்யுங்கள், அந்தப் பெட்ரோல் வேண்டாம். காக்கை மூடிவிட்டு, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். மிதவையின் ஆணியை உருவினால் மிதவையும் ஊசியும் கையோடு வரும். கிண்ணத்தின் ரப்பர் வளையம் பத்திரம். ஊசி, அது உட்காரும் இடம், கிண்ணம் எல்லாவற்றையும் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் துடையுங்கள். கண்ணுக்கு அது படக் கூடாது.

கடலோரம்:
கிண்ணத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. எல்லாவற்றையும் சுத்தம் செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினேன். ஸ்டார்ட் ஆகிவிட்டது அண்ணே! மாமியார் திண்ணைக்கே வந்து பார்த்தார். ஆனால் சோக்கைத் திறந்தால் ஏறி இறங்கித் திணறி நின்றுவிடுகிறது. சோக் பாதியில் இருந்தால் ஓடுகிறது.

பட்டறைக்காரன்:
சோக் போட்டால்தான் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை, ஜெட் (பெட்ரோல் போகிற பொடி ஓட்டை உள்ள திருகு) பாதி அடைத்திருக்கிறது. கார்புரேட்டரின் நடுத்தண்டில் மெயின் ஜெட் இருக்கும். பொருத்தமான ஸ்க்ரூடிரைவரால் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள், ஓட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அதற்கு மேலே பக்கவாட்டுத் துளைகளோடு ஒரு குழாய் வரும், அந்தத் துளைகளும் திறந்திருக்க வேண்டும். பைலட் ஜெட் இன்னும் பொடிசு, பல மாடல்களில் ஐடிலிங் (சும்மா ஓடும் வேக) ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் மேலிருந்து செருகியிருக்கும். மெயின் ஜெட்டை மட்டும் பார்த்துவிட்டு அதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஊசியோ கம்பியோ விட்டுக் குடையாதீர்கள், ஓட்டை பெரிதானால் ஜெட் வீண். வயரிலிருந்து ஒரே ஒரு செப்பு இழை எடுத்து விடுங்கள், கிளீனர் அடித்துக் காற்று ஊதுங்கள்.

மின்வேலை:
ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் கான்சன்ட்ரேட்டரை நேரே மாட்டிவிடாதீர்கள். இன்வெர்ட்டர் வகை இல்லை என்கிறீர்கள், அப்படிப்பட்ட ஜெனரேட்டரில் இன்ஜின் வேகம் மாறினால் வோல்டேஜும் ஹெர்ட்ஸும் சேர்ந்து மாறும். லோடு இல்லாமல் சில நிமிஷம் ஓடவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள், 230 வோல்ட் பக்கத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். முதலில் ஒரு ஃபேன், லைட் போட்டுப் பார்த்துவிட்டு கான்சன்ட்ரேட்டருக்குப் போங்கள். நிமிஷத்துக்கு 5 லிட்டர் தருகிற கான்சன்ட்ரேட்டர் சுமார் 300 முதல் 400 வாட் எடுக்கும், 2 கே.வி.ஏ. தாராளம்.

வீட்டு பிளக் பாயின்ட்டில் இரண்டு பக்கமும் பின் உள்ள வயரைச் செருகி வீடு முழுக்க கரன்ட் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி உயர் அழுத்தமாகி வெளியே போகும், புயலுக்கு அப்புறம் கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் உயிர் போய்விடும். லைன் கரன்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு விடுகிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடுங்கள், இல்லையென்றால் ஜெனரேட்டரிலிருந்து கான்சன்ட்ரேட்டருக்கு நேராக ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் வயர் போதும்.

மழை என்று திண்ணைக்கோ ஷெட்டுக்கோ கொண்டுவரவும் கூடாது. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நுரையீரல் நோயாளி இருக்கிற வீடு. ஜன்னல், கதவிலிருந்து 20 அடியாவது தள்ளி, மேலே மட்டும் மறைப்புக் கொடுத்து வையுங்கள். அப்புறம் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரோடு வீட்டில் இருக்கட்டும்.

கடலோரம்:
பைலட் ஜெட்தான்! ஓட்டையே தெரியாத அளவுக்கு அடைத்திருந்தது. சோக் முழுக்கத் திறந்தும் சீராக ஓடுகிறது, மீட்டரில் 228. கான்சன்ட்ரேட்டரும் ஓட்டிப் பார்த்துவிட்டோம். சேஞ்ச் ஓவர் ஸ்விட்சுக்கு எலக்ட்ரீசியனிடம் சொல்லியிருக்கிறேன், சிலிண்டருக்கும் ஏற்பாடு செய்கிறேன். மழை முடிந்ததும் எப்படி எடுத்து வைப்பது?

பட்டறைக்காரன்:
சந்தோஷம் தம்பி. டேங்க்கைக் காலி செய்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கடைசியாக ட்ரெயின் ஸ்க்ரூவையும் திறந்து வடித்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றி, ஃபேன் லோடோடு கால் மணி நேரம் ஓட்டி, மறுபடியும் இதே மாதிரி வடித்து வையுங்கள்.