மறு: டார்ச் லைட் 'த்ரோ'வுக்கு தமிழ்ல என்ன? வீச்சா, நெடுக்கமா, எட்டமா

குழுவுல எல்லாருக்கும் வணக்கம்,

டார்ச் வெளிச்சம் எவ்ளோ தூரம் போயி எட்டுதுன்றதத்தான் இங்கிலீஷ்ல 'த்ரோ'ன்றாங்க, அதுக்குதான் நம்ம குழுவுல தமிழ் சொல் தேடிக்கினு இருக்கோம். நேத்து ஒரு அண்ணன் "வெளிச்சம்னு நல்ல சொல் இருக்கறப்ப த்ரோவுக்குன்னு தனியா ஒண்ணு தேடி எதுக்கு மண்டைய ஒடச்சிக்கிறீங்க"ன்னு எழுதியிருந்தாரு. அந்த ஒரே சொல்ல வச்சிக்கினு கடைக்கு போயி நான் 450 ரூபா தண்டம் அழுத கதைய மொதல்ல சொல்லிடறேன், சொல்லு பஞ்சாயத்து அப்புறம்.

2023 டிசம்பர், மிக்ஜாம். கொருக்குப்பேட்டைல எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்ல. (அத்திப்பட்டு, வல்லூர்னு அனல்மின் நிலையமெல்லாம் நம்ம வடசென்னை பக்கம்தான், சாம்பல் நமக்கு, இருட்டும் நமக்கு, அது வேற பேச்சு.) வீட்டுல ஒரு பழைய எமர்ஜென்சி லைட் இருந்துச்சு, உள்ள லெட் ஆசிட் பேட்டரி, அத மாசக்கணக்குல சார்ஜ் போடாம பரண்ல போட்டு வச்சதுல செத்துப் போயிருந்துது. அந்த வகை பேட்டரிய காலியா வச்சா தகட்டுல சல்பேட் படிஞ்சிரும், அப்புறம் எவ்ளோ நேரம் போட்டாலும் ஏறாது. சரின்னு தண்ணி வடிஞ்ச அப்புறம் பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு நடைபாதை கடைல போயி "அண்ணே நல்லா ப்ரைட்டா சார்ஜ் டார்ச் ஒண்ணு குடு"ன்னேன். அவரு ஒரு ஜூம் டார்ச்ச எடுத்து எதிர் பில்டிங் மூணாவது மாடி போர்டு மேல அடிச்சி காட்னாரு, போர்டுல எழுத்து தெரிஞ்சிது, வாங்கிட்டேன். அடுத்த தபா கரண்ட் போனப்ப அம்மா அத எடுத்து அடிச்சி பார்த்துட்டு "இன்னாடா இது, செவுத்துல வட்டமா நிலா மாதிரி கீது, அரிசி டப்பா எங்க கீதுன்னு தெரியல"ன்னாங்க.

என் மச்சான் காசிமேட்டுல ஃபைபர் போட்டுல தொழிலுக்கு போறான், அவனுக்கு ஆனது இதுக்கு நேர் எதிர். அவனும் ப்ரைட்டா வேணும்னுதான் கேட்டிருக்கான், கடைக்காரர் முகப்பு பூரா வெளிச்சம் வர்ற அகல லைட்ட குடுத்துட்டாரு, படகுல வலை பிரிக்க ஓகே, ஆனா விட்ட வலையோட கொடிய ராத்திரில தேடணும்னா ஒண்ணும் தெரியல, பக்கத்து தண்ணி மட்டும் பளபளன்னு கண்ண கூசுது. கடைசில ரெண்டு பேரும் டார்ச்ச மாத்திக்கினோம். ரெண்டு கடைக்காரரும் பொய் சொல்லல, நாங்க கேட்ட சொல்லுதான் ஒண்ணா போச்சு.

பள்ளிக்கூட புத்தகத்துல இதுக்கு சொல் இருக்குது, இல்லன்னு சொல்லல. லூமென் அளக்கறது ஒளிபாயம், அதாவது டார்ச் வாயிலருந்து மொத்தமா எவ்ளோ ஒளி கொட்டுதுன்றது. கேண்டிலா அளக்கறது ஒளிச்செறிவு, ஒரு திசைல எவ்ளோ குவிஞ்சு போவுதுன்றது. ஒரே 500 லூமென்ன பெரிய ஆழமான ரிஃப்ளெக்டர்ல குவிச்சா தூரம் போவும், சொரசொரப்பான ரிஃப்ளெக்டர்லயோ பால் கலர் மூடி போட்டோ வச்சா ரூம் பூரா நெறையும். ஆனா கடைல நின்னுக்கினு "ஒளிச்செறிவு எவ்ளோ"ன்னு கேக்க முடியுமா சொல்லுங்க. கேட்டாலும் கேண்டிலா நம்பர வச்சி வாங்கறவனுக்கு ஒண்ணும் வெளங்காது, அவனுக்கு வேண்டியது மீட்டர்.

அந்த மீட்டருக்கு ஒரு கணக்கு இருக்குது, நல்ல கம்பெனிங்க அட்டைல போடறது ஏஎன்எஸ்ஐ எஃப்எல்-1ன்ற அமெரிக்க தரம். அதுப்படி தூரம்னா வெளிச்சம் 0.25 லக்ஸா (லக்ஸ்னா ஒரு எடத்து மேல விழற வெளிச்சத்தோட அளவு) கொறையற இடம், தோராயமா பௌர்ணமி நிலா வெளிச்சம். கேண்டிலாவோட வர்க்கமூலத்த ரெண்டால பெருக்குனா அந்த தூரம் வந்துரும், 10,000 கேண்டிலான்னா 200 மீட்டர். தூரம் ரெட்டிப்பாவணும்னா கேண்டிலா நாலு மடங்காவணும், அதனால 200 மீட்டர் லைட்டு வச்சிருக்கறவன் 250 மீட்டர் லைட்டுக்கு காசு போட்டா பெருசா வித்தியாசம் தெரியாது. இன்னொண்ணு, 200ன்னு போட்டிருந்தா 200ல ஆள் மூஞ்சி தெரியும்னு நெனச்சிராதீங்க, அங்க நிலா வெளிச்சம்தான், பாதி தூரத்துல வேணா 1 லக்ஸ் வரும், என் மச்சான் கணக்கு எப்பவும் பாதிதான்.

இந்த தூரத்துக்குதான் நான் 'எட்டம்'னு சொல்றேன். கண்ணுக்கெட்டின தூரம்னு பேசறோம்ல, கை எட்டலன்றோம், எட்ட நில்லுன்றோம், அதே எட்டுதான். அகலமா நெறையற குணத்துக்கு 'பரவல்'. மொதல்ல எட்டொளி, படரொளின்னு ஜோடியா அழகா யோசிச்சேன், எங்க அண்ணன் பையன் கிட்ட சொன்னா "எட்டு லைட்டா சித்தப்பா"ன்றான், விட்டுட்டேன்.

— கொருக்குப்பேட்டைலருந்து

* * *

தம்பிக்கு,

எட்டம் நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு தடை. 'வீச்சு' என்று முன்பு ஒருவர் சொன்னதை அலைவீச்சோடு குழம்பும் என்று தள்ளினோம், சரி. அதே நியாயப்படி 'பரவல்' புள்ளியியலில் இயல்நிலைப் பரவலோடு மோதுமே? இரண்டாவது, எறிபொருள் போய் விழும் தூரத்துக்கு இயற்பியலில் ஏற்கெனவே 'நெடுக்கம்' உண்டு, நான் முப்பது வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த சொல். 'ஒளிநெடுக்கம்' என்றால் புதிதாக எதுவும் ஆக்க வேண்டியதில்லையே. அப்புறம் தம்பி, விலை பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பென்ஷன்காரனுக்கு அதுதானே முக்கியம்.

— பெரம்பூர்

* * *

ஐயா வணக்கம்,

நெடுக்கம் வகுப்புல சரி. ஆனா நம்ம பக்கம் "ரோடு நெடுக்க கடை"ன்னா வழி பூரா கடைன்னு அர்த்தம், ஒளிநெடுக்கம்னு சொன்னா வழி பூரா வெளிச்சமா இருக்கும்னு நெனச்சிப்பாங்க. த்ரோ டார்ச்சோட குணம் அதுக்கு எதிர், கால் கிட்ட இருட்டா இருக்கும், தூரத்துல போயி விழும். எட்டத்துல அந்த கொழப்பம் இல்ல. பரவல் புள்ளியியலோட மோதட்டும் ஐயா, டார்ச் கடைல யாரும் இயல்நிலைப் பரவல் கேக்கப் போறதில்ல. வீச்ச தள்ளுனது வேற விஷயம், அலை, ஒளி ரெண்டும் ஒரே பாடத்துல வருது.

விலைக்கு வர்றேன். 10,000 லூமென், 8 மணி நேரம்னு அட்டைல அடிச்சி 600 ரூபாய்க்கு விக்கறாங்களே, அத இப்படி பாருங்க. நல்ல எல்இடி டார்ச்சுல ஒரு வாட்டுக்கு சுமார் 100 லூமென் வந்தா நல்லது. அப்ப 10,000 லூமென்னுக்கு 100 வாட், 8 மணி நேரத்துக்கு 800 வாட் மணி. நம்ம வீட்டு இன்வெர்ட்டர்ல கீற 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி பேட்டரிய தூக்கவே ரெண்டு ஆள் வேணும், அதுலயே 1800 வாட் மணிதான். அதுல பாதிக்கிட்ட கையளவு டார்ச்சுக்குள்ள எங்கருந்து வரும்? உள்ள இருக்கறது 18650ன்ற செல்லு, 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், நல்லதுன்னா 3000, 3500 மில்லி ஆம்பியர் மணி, மொத்தம் 11, 12 வாட் மணிதான். 9900ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா கண்ண மூடிக்கினு கீழ வச்சிருங்க. கைல தூக்கிப் பாருங்க, நல்ல செல்லு 45 கிராம் பக்கம் இருக்கும், போலி லேசா கெடக்கும்.

அதனால பென்ஷன்காரருக்கு என் யோசனை, 500லருந்து 1000 லூமென்னு உண்மையா சொல்ற டார்ச், செல்ல கழட்டி மாத்தற மாதிரி, 1000லருந்து 2000 ரூபாய்க்குள்ள. செல்லு ரெண்டு மூணு வருஷத்துல தளர்ந்தா செல்ல மட்டும் மாத்திக்கலாம், உள்ளயே ஒட்டி வச்சதுன்னா மொத்தமா குப்பைல போவும். சார்ஜ் ஓட்டை டைப்-சின்னு போட்டிருந்தாலும் கடைலயே ரெண்டு பக்கமும் டைப்-சி இருக்கற ஒயர்ல மாட்டிப் பாருங்க, மலிவுல உள்ள ஒரு சின்ன ரெசிஸ்டர் போடாம விட்டுருவாங்க, அப்ப பழைய யூஎஸ்பி ஒயர்ல மட்டும்தான் ஏறும். தண்ணி தாங்கறதுக்கு அட்டைல ஐபிஎக்ஸ்னு ஒரு தரம் போட்டிருக்கும், மழைல புடிக்க ஐபிஎக்ஸ்4 போதும், மச்சான் மாதிரி தண்ணில விழற ஆளுன்னா ஐபிஎக்ஸ்7, ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி தாங்கணும். வீட்டுக்கு மட்டும்னா எட்டம் பாக்காதீங்க ஐயா, பரவல் பாருங்க, இல்லன்னா இருக்கற டார்ச்ச ஒரு சொம்புல நிக்க வச்சி கூரைய பாத்து அடிங்க, எங்க அம்மா அப்படிதான் பண்றாங்க.

எரியற நேரத்துக்கும் ஒரு சொல் யோசிக்கணும். முன்ன சொன்ன அமெரிக்க தரப்படி வெளிச்சம் பத்துல ஒரு பங்கா கொறையற வரைக்கும் எரியற நேரமாத்தான் கணக்கு, ஆனா சூடு ஏறாம இருக்க கொஞ்ச நேரத்துலயே வெளிச்சத்த எறக்கிடற டார்ச் நெறைய, வாங்குனவன் அஞ்சு மணி நேரமும் ஒரே மாதிரி எரியும்னு நம்பிக்கினு இருப்பான். அந்த எறக்கத்துக்கு 'தணிவு'ன்னு வச்சிக்கலாமா? ஐயா சொல்லுங்க.

அப்புறம் பட்டன மூணு தபா அமுக்குனா பளிச்சு பளிச்சுன்னு அடிக்குமே அந்த மோடு, அதுக்கும் யாராவது ஒரு சொல் குடுங்க. நடுக்கடல்ல கை தவறி அது வந்துட்டா என் மச்சான் ஒரு சொல் சொல்லுவான், அத குழுவுல எழுத முடியாது.