மறு: ‘ஸ்காலர்ஷிப்’ – ஆராய்ச்சியா, புலமையா, புலமைப்பணியா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். குழுவுக்கு வந்த கேள்வி இது:

> பல்கலைக்கழகத்துக்குப் பெற்றோர் வரும் நாளுக்கான பதாகை. ஆங்கிலத்தில் ‘ரிசர்ச் அண்ட் ஸ்காலர்ஷிப்’. மருத்துவத்திலிருந்து இசைவரை எல்லாத் துறைகளுக்கும் பொதுவான தலைப்பு. ‘ஆராய்ச்சியும் உபகாரச் சம்பளமும்’ என்று ஒரு வரைவு வந்திருக்கிறது. காப்பாற்றுங்கள்.

ஸ்காலர்ஷிப் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் படிப்புக்காகத் தரும் பணம் என்றும் பொருள் உண்டு, அறிஞர்களின் அறிவுப் பணி என்றும் பொருள் உண்டு. பதாகை சொல்வது இரண்டாவதை. ஆனாலும் அந்த வரைவை எழுதியவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூரில் ஸ்காலர்ஷிப் என்றதும் எந்த வீட்டிலும் உபகாரச் சம்பளம்தான் நினைவுக்கு வரும். அதிலும் பெற்றோர் வரும் நாள் வேறு! இலங்கையில் இதே தொகைக்குப் புலமைப்பரிசில் என்று பெயர். ஐந்தாம் தரப் பிள்ளைகள் எழுதும் பரீட்சைக்கும் அதுதான் பெயர். கொடுக்கும் பணம் பரிசில், அதற்குத் தகுதியான அறிவு புலமை என்று அங்கே சொல்லிலேயே பிரிந்துவிட்டது. நமக்குப் பணத்துக்குச் சொல் இருக்கிறது. அறிவுப் பக்கத்துக்குத்தான் ஆளாளுக்கு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

> ஆராய்ச்சி என்ற ஒன்றே போதும். பல்கலைக்கழகத்தில் நடப்பதெல்லாம் ஆராய்ச்சிதானே?

ஐயா, இங்கேதான் நான் உங்களிடமிருந்து விலகுகிறேன். ஆராய்ச்சிக்கு உலக நாடுகள் கணக்கு வைப்பதற்கென்றே ஃபிராஸ்காட்டி கையேடு என்று ஒன்று 1963 முதல் இருக்கிறது. அதன் 2015 பதிப்பு ஐந்து நிபந்தனை சொல்கிறது: புதிதாக இருக்க வேண்டும், சொந்தச் சிந்தனையில் பிறந்ததாக இருக்க வேண்டும், முடிவு முன்கூட்டியே தெரிந்ததாக இருக்கக் கூடாது, திட்டமிட்டுச் செய்ததாக இருக்க வேண்டும், பிறர் எடுத்தாளவோ திரும்பச் செய்யவோ முடிய வேண்டும். நல்ல வரையறை. ஆனால் பல்கலைக்கழகத்தில் நடப்பதெல்லாம் இதற்குள் அடங்கிவிடாது.

கெண்ட் ரிட்ஜில் உள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அது திறந்த 2015ஆம் ஆண்டு ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே ஒரு பெண் ஸ்பெர்ம் திமிங்கிலம் இறந்து மிதந்தது. நீளம் 10.6 மீட்டர். அரும்பொருளகத்தார் அதைக் கரைக்குக் கொண்டுவந்து, அழுகிய சதையை அறுத்து நீக்கி, எலும்புகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார்கள். குடலில் கணவாய் என்ற கடலுயிரியின் அலகுகள் கிடைத்தன, பிளாஸ்டிக்கும் கிடைத்தது. நாட்டின் பொன்விழா (ஆங்கிலத்தில் ‘ஜூபிலி’) ஆண்டு என்பதால் ‘ஜூபி’ என்று பெயரிட்டு, எலும்புக்கூட்டை நிறுத்தி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

இதில் எது ஆராய்ச்சி? எந்தக் கணவாயைத் தின்றது என்று அலகை வைத்துக் கண்டுபிடித்தது ஆராய்ச்சி, சரி. நாற்றத்தில் நின்று சதையை அறுத்தது? எலும்பை அதனதன் இடத்தில் பொருத்தியது? குழந்தைகளுக்குப் புரியும்படி அட்டையில் நாலு வரி எழுதியது? இவற்றில் எந்த வேலையையும் படிப்பில்லாதவர் செய்துவிட முடியாது. ஆனாலும் ஆராய்ச்சி என்று எழுதினால் சொல் பிதுங்குகிறது.

நம் வீட்டு எடுத்துக்காட்டே இருக்கிறது. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடு ஏடாகத் தேடி, பாடங்களை ஒப்பிட்டு, நச்சினார்க்கினியர் உரையோடு கொண்டுவந்த அந்த வேலையை ஆராய்ச்சி என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து மின்வடிவில் சேர்த்தார்களே, அதுவும் இந்த வரிசையில் வரும்.

1990இல் அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி சொன்னார். ஸ்காலர்ஷிப் என்பதை அவர் நான்காகப் பார்த்தார்: கண்டறிதல், பல துறை அறிவை ஒன்றிணைத்தல், நடைமுறைக்குப் பயன்படுத்தல், கற்பித்தல். முதலாவதுதான் நாம் ஆராய்ச்சி என்பது. அப்படியானால் நமக்கு வேண்டியது நான்கையும் தாங்கும் குடைச்சொல்.

குழுவில் நீங்கள் முன்வைத்த சொற்களுக்குப் போவோம். ‘அறிவாக்கம்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உற்பத்தித்திறன் இயக்கத்தின் முழக்கம் மாதிரி ஒலிக்கிறது. பழைய ஏட்டைக் காப்பாற்றுகிறவர் எதையும் புதிதாக ஆக்கவும் இல்லை. ‘பலதுறை ஆய்வு’ நம் ஊரில் எடுபடாது. பலதுறை என்றதும் பலதுறைத் தொழிற்கல்லூரிதான் (பாலிடெக்னிக்) நினைவுக்கு வரும். ‘கல்விமை’ என்று எழுதிய நண்பர் மன்னிக்கவும், அதை நாக்கு ஏற்கவில்லை.

மிச்சமிருப்பது புலமை. புலம் என்றால் வயல், புலம் என்றால் அறிவு; தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில, துறைகளின் தொகுதிக்கும் புலம் என்றே பெயர் வைத்திருக்கின்றன. வேர் பலமாக இருக்கிறது. குறை என்னவென்றால் புலமை ஆளிடம் இருக்கும் தகுதி. ‘அவருக்கு இயற்பியலில் புலமை உண்டு’ என்றால் தெரிந்தவர் என்றுதான் பொருளே தவிர, இன்னதைச் செய்தார் என்று பொருளில்லை. பாயர் சொன்ன நான்கும் செயல்கள். ஆகவே ‘புலமைப்பணி’ என்று முன்வைக்கிறேன். ‘கடல் உயிரியலில் அவரது புலமைப்பணி’, ‘பதிப்புத் துறையில் புலமைப்பணி’, ‘இசைக் கல்லூரியின் புலமைப்பணிகள்’ என்று எழுதிப் பார்த்தேன், நிற்கிறது. செய்கிறவர் புலமையாளர், அது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதுதான்.

நம் ஊர்க் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி தந்ததாகச் சொல்லப்படும் ‘இணையம்’ எவ்வளவு சிறியது பாருங்கள். இணையத்தளம், இணையவழி என்று குட்டி போட்டுக்கொண்டே போகிறது. புலமைப்பணிக்கு அந்தச் சுறுசுறுப்பு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். பதாகைக்கும் ஆண்டறிக்கைக்கும் போதும்.

--

தம்பி, வாதம் பிடித்திருக்கிறது. ஆனால் வகுப்பில் நிற்கிறவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். புலமை என்றால் என் மாணவர்களுக்கு உத்தரீயம் போட்ட புலவர்தான் தெரிவார். குவாண்டம் ஆய்வுக்கூடத்து வாசலில் புலமைப்பணி என்று எழுதினால் உள்ளே செய்யுள் வாசிக்கிறார்கள் என்று நினைப்பார்கள். இன்னொன்று: சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் தொடங்கிவிட்டது. அங்கே ஒரு பெண் நடனம் அமைத்து, அதையே ஆய்வாக முன்வைத்தால் அதற்கு என்ன சொல்?

--

அக்கா, குவாண்டம் கூடத்து வாசலில் ‘ஆய்வு’ என்றே இருக்கட்டும். அங்கே நடப்பது அதுதான், யாருக்கும் குழப்பமில்லை. ஒவ்வொரு துறைக்கும் அதன் தொழிற்சொல் இருக்கிறது: வேதியியலாருக்குச் சோதனை, மானிடவியலாருக்குக் களப்பணி, உயிரின வகைப்பாட்டாளருக்கு மாதிரிச் சேகரிப்பு, தமிழ்த்துறைக்குப் பதிப்பு. அவற்றைப் பிடுங்கிவிட்டு ஒரே சொல்லை ஒட்டச் சொல்லவில்லை. எல்லாரையும் ஒரே வரியில் அழைக்க வேண்டிய இடத்தில்தான் புலமைப்பணி.

நடனம் அமைத்த பெண்ணுக்கு ‘ஆக்கவழி ஆய்வு’. ஆடியது மட்டும் போதாது. ஏன் அப்படி அமைத்தாள், என்ன மாற்றினாள், என்ன தெரிந்துகொண்டாள் என்று பதிவும் சேர்ந்தால்தான் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அதை ஆய்வாக ஏற்கின்றன. செய்முறை ஆய்வு என்று போட்டால் பள்ளி அறிவியல் கூடம் நினைவுக்கு வந்துவிடும், அதனால் தவிர்த்தேன்.

--

அனைவருக்கும் நன்றி. ‘ஆய்வும் புலமைப்பணியும்’ என்று வடிவமைப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். மலாய் வரிக்குக் கீழே ஒரே வரியில் அடங்குகிறது என்கிறார். அச்சுக்குப் போவது அடுத்த செவ்வாய். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். ஆக்கவழி ஆய்வுக்குத் தனி இழை தொடங்குகிறேன், ஓவியத் துறையிலிருந்தும் ஒருவரைக் கேட்க வேண்டும்.