மறுமொழி: நார்சிசத்துக்குத் தமிழில் என்ன போடலாம்?

திருகோணமலை உவர்மலையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் வணக்கம். உளவளத்துணையாளர் பயிற்சிக் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. நார்சிசம் (Narcissism), அதாவது தன்னையே பெரிதாக எண்ணிப் பாராட்டுக்கு ஏங்கும் நிலை, அந்தச் சொல் மட்டும் இன்னும் இழுபடுகிறது. ஓரிடத்தில் தற்காதல், ஓரிடத்தில் தன்மோகம், இன்னோரிடத்தில் தன்முனைப்பு என்று போட்டிருக்கிறேன். ஒன்றாக்கித் தாருங்கள்.

பயிலுநர்கள் முன்னால் வந்து உட்காரப்போவது பெரும்பாலும் அந்த நிலை உள்ள ஆள் அல்ல. அவருடைய மனைவி, அல்லது பிள்ளை. கைநூலில் உள்ள எடுத்துக்காட்டு இது: மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு. தகப்பன் காண்கிறவர்களிடமெல்லாம் தான் படிப்பித்த விதத்தைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். விருந்தினர் முன்னால் மகள், "ரியூஷன் ரீச்சரும் நல்லா உதவினவ" என்கிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளோடு பேச்சு இல்லை, அவள் போட்ட தேநீரைத் தொடுவதில்லை. கடைசியில் மன்னிப்புக் கேட்டது மகள். இதற்கு ஒரு பெயர் வேண்டும்.

சாம்பல்தீவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தங்கச்சி, சொல் குறளிலேயே இருக்கிறது. "அமைந்தாங் கொழுகான் அளவறியான் தன்னை வியந்தான் விரைந்து கெடும்." பிறரோடு பொருந்தி நடக்க மாட்டான், தன் அளவு தெரியாது, தன்னைத் தானே வியப்பான். மூன்று அடையாளமும் ஒரே குறளில். ஆகவே தன்வியப்பு. காதல் என்பது அகத்திணைச் சொல். அதை ஏன் நோய்க்கு இழுக்கிறீர்கள்?

வியப்பைத் தொல்காப்பியர் மருட்கை என்பார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து அது பிறக்கும். தன்னையே என்றும் புதுமையாகவும் பெருமையாகவும் பார்த்து மருளுகிறவன் என்றால் எவ்வளவு பொருத்தம்! நன்னூலாரும் தற்புகழ்ச்சி தகாது என்கிறார். ஆனால் அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றல் அறியாதவரிடத்தும், அவையில் வாதில் வெல்லும்போதும், எதிரி பழித்தபோதும் புலவனுக்கு அது தகும் என்று விலக்கும் தருகிறார். இந்த நுட்பத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

கோணேசர் கோயிலடியிலிருந்து

ஐயா, ஆணவம் இருக்க வேறு சொல் எதற்கு? அணு என்பதிலிருந்து வந்தது ஆணவம். எங்கும் நிறையக்கூடிய உயிரை அணுவளவாகச் சுருக்குவது. வெளியே வீக்கம், உள்ளே சிறுமை. இவர்களும் அப்படித்தானே?

கிண்ணியாவிலிருந்து, பயிற்றுநர்

அண்ணன், விளக்கம் அழகு. ஆனால் சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் என்ற அழுக்கு எல்லா உயிருக்கும் உண்டு. எல்லோருக்கும் உள்ளதைச் சிலருடைய கோளாறுக்குப் பெயராக வைக்க முடியுமா? என் வகுப்பில் பாதிப்பேர் முஸ்லிம் பிள்ளைகள். ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலத்தை விளக்கிய பிறகுதான் நோய்க்கு வர முடியும் என்றால் நேரம் போய்விடும். ஆணவம், தடிப்பு, தலைக்கனம் எல்லாம் நாம் கோபத்தில் ஏசுகிற சொற்கள். உளவளத்துணையாளரே ஏசக் கூடாது.

மனநலப் பிரிவில் வேலை செய்பவர்

இரண்டு விடயம் சொல்ல வேண்டும். நார்சிசஸ் நீரில் தன் நிழலைக் கண்டு மயங்கிய கிரேக்கக் கதையைப் பிடித்துக்கொண்டு தற்காதல் என்கிறோம். 1914இல் உளப்பகுப்பாய்வாளர் பிராய்ட் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இல்தான் தனி ஆளுமைக் கோளாறாக ஏறியது. இன்றைய அளவுகோலில் 9 அடையாளங்களில் குறைந்தது 5 இருக்க வேண்டும்: பாராட்டுக்கு ஏங்குதல், தனிச்சலுகை எதிர்பார்த்தல், பிறரைப் பயன்படுத்திக்கொள்ளுதல், பிறர் உணர்வை மதியாமை, பொறாமை இப்படி. அவற்றில் தன்மேல் அன்பு எங்கே இருக்கிறது? ஒரு சின்ன விமர்சனத்தில் இடிந்துபோகிறவருக்குத் தன்மேல் அன்பு இருக்கிறது என்று நான் ஒப்பமாட்டேன்.

அடுத்தது, எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி வருவதில்லை. கூச்சத்தோடு, எப்போதும் தான்தான் பாதிக்கப்பட்டவர் என்ற முறைப்பாட்டோடு வருகிறவர்களும் உண்டு. செருக்கு, தன்வியப்பு என்று பெயர் வைத்தால் பயிலுநர் அவர்களைத் தவறவிடுவார். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் 11ஆம் பதிப்போ இந்த வகைப் பெயர்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, பாதிப்பு எவ்வளவு கடுமை என்றுதான் முதலில் பார்க்கிறது.

சாம்பல்தீவிலிருந்து

அப்போ பெயரே வேண்டாமா? மகளுக்கு என்ன சொல்லி விளக்குவீர்கள்? ‘மோகம்’ வடசொல். வெள்ளிக்கிழமைக்காக அதை ஏற்கச் சொல்லாதீர்கள்.

உவர்மலையிலிருந்து

ஐயா, மன்னியுங்கள். எனக்குத் தனியாகச் சொன்னவர்களில் கூடுதலானோர் தன்மோகத்துக்குச் சம்மதம். ஏற்கெனவே வழங்குகிற சொல், கேட்டதும் விளங்குகிறது. "தன்மோக ஆளுமைக் கோளாறு" என்று போடுகிறேன். தன்வியப்பு அடிக்குறிப்பில் குறளோடு வரும்.

கிண்ணியாவிலிருந்து

அச்சில் அப்படியே வரட்டும். மோகம் என்றாலும் ஆசை, இன்பம் என்றுதான் பிள்ளைகள் எடுப்பார்கள். அந்தத் தகப்பன் மகளிடம் கேட்டது புகழ்; கிடைக்காதபோது அவளைப் பேச்சுப் பட்டினி போட்டார். நான் வகுப்பில் புகழ்ப்பசி என்றே சொல்லப்போகிறேன்.

சாம்பல்தீவிலிருந்து

புகழ்ப்பசி நல்ல தமிழ். ஆனால் புகழ் வேண்டாத புலவன் உண்டா? அடுத்த பதிப்பில் மறுபடி பேசுவோம். தன்வியப்பை நான் விடவில்லை.