புயல், வெள்ளம், வீட்டுக் காப்பீடு: பட்டறிந்தவர்களின் அனுபவப் பகிர்வு

முடிச்சூர் (சென்னை, தாம்பரம் அருகே), தரைத்தள வீட்டின் உரிமையாளர்

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு எங்கள் பகுதியில் வெள்ளம் ஏறியபோது, வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்த வீடுகளிலும் நீர் முதலில் நுழைந்தது வாசல் வழியாக அல்ல. கழிப்பறைக் கோப்பை வழியாகவும் குளியலறைத் தரையில் இருக்கும் வடிகால் துளை வழியாகவும்தான். தெருவில் நீர்மட்டம் உயர உயரக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி, போக வழியில்லாமல் குழாயில் பின்னோக்கித் திரும்பியது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவான நாள் அது. அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியையே சொல்கிறார்கள். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைக்கு அருகில், எங்களுக்குக் கீழே. எங்கள் வீடுகளுக்குள் வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீர். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு: தன் வீட்டுக்கு எந்த ஏரியின் நீர், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தவருக்கே எந்த அறிவிப்பைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நின்றது. குளிர்பதனப் பெட்டி மிதந்து, கவிழ்ந்து, சமையலறைக் கதவை உள்ளிருந்து அடைத்துக் கிடந்ததால், நீர் வடிந்த பிறகு அந்தக் கதவை உடைத்துத்தான் உள்ளே போக முடிந்தது. பிளைவுட் அலமாரிகளும் துகள்பலகைக் கட்டிலும் ஊறி உப்பி, கையில் எடுத்தால் பிய்ந்து வந்தன. என் தாத்தா காலத்துத் தேக்குக் கட்டிலை மட்டும் கழுவி நிழலில் காயவைத்து இன்றும் பயன்படுத்துகிறோம்.

பக்கத்துத் தெருவில் சிலர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக்கொண்டார்கள். அதற்கான செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது ஒருபுறம் இருக்க, பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போடும் வழக்கம் நிற்கும் வரை, எத்தனை அடி தூக்கினாலும் தெரு நம்மைத் துரத்திக்கொண்டேதான் வரும் என்பது என் கருத்து. நாங்கள் வேறு வழியில் போனோம். கழிவுநீர் வெளியேறும் குழாயில், தொட்டிக்கு முன்னால், நீரைத் திரும்பி வரவிடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வைப் பொருத்தினோம். குளியலறைத் துளைகளுக்குத் திருகி மூடும் ரப்பர் அடைப்பான்களை வாங்கி வைத்தோம். கீழ்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் வாயைச் சுற்றிச் செங்கல் கட்டி உயர்த்தி, மூடிக்கு ரப்பர் விளிம்பு கொடுத்தோம். வெள்ளத்துக்குப் பிறகு குடிநீருக்கு அலைந்த அலைச்சலோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு ஒன்றுமே இல்லை. பிளக் பாயின்டுகளையெல்லாம் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, தரைத்தளத்துக்குத் தனி பிரேக்கர் வைத்தோம். இன்வெர்ட்டரும் பேட்டரியும் இரும்புத் தாங்கியின்மேல் ஏறின. மர அலமாரிகளுக்குப் பதிலாகக் கடப்பைக் கல் தட்டுகள் வந்தன. பார்வைக்குச் சற்று மொட்டையாகத்தான் இருக்கின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெரு மறுபடி மூழ்கியது. கணுக்காலளவு நீர் வாசல் வழியாக வந்தது. கழிப்பறை வழியாக ஒரு சொட்டும் வரவில்லை. மெத்தைகள், சலவை இயந்திரம், உள்சுவர்ப் பூச்சு ஆகியவற்றுக்குச் சேதம் ஏற்பட்டது. அதற்குள் வீட்டுக் காப்பீடு எடுத்திருந்ததால் அவற்றுக்கு இழப்பீடும் கிடைத்தது. அந்தப் பாலிசிக்கு ஆண்டுதோறும் நான் கட்டும் தொகை என் காருக்குக் கட்டுவதில் பாதிகூட இல்லை. எங்கள் தெருவில் பலர், வீட்டுக்கடன் வாங்கும்போதே வங்கி காப்பீடு பிடித்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் சிலருடையது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு. சிலருடையது கட்டடத்துக்கு மட்டுமானது, அதுவும் கடன் நிலுவையின் அளவுக்கு.

வேளச்சேரி, அடுக்ககக் குடியிருப்பு

எங்களுடையது தூண்தளத்தின்மேல் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு. வீடுகளுக்குள் நீர் வருவதில்லை என்பதால் யாருக்கும் கவலை இருந்ததில்லை. ஆனால் மின்தூக்கியின் குழி, மின்வாரியப் பெட்டி, ஜெனரேட்டர், மோட்டார் அறை ஆகிய எல்லாமே கீழே இருந்தன. மிக்ஜாமின்போது அத்தனையும் மூழ்கின. மாடியில் இருந்தவர்களும் மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் தவித்தார்கள். இப்போது கனமழை எச்சரிக்கை வந்தவுடன் காவலாளி மின்தூக்கியை மேல்தளத்துக்கு அனுப்பி மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார். மின்பெட்டிகளை மேலே ஏற்றியாகிவிட்டது. பொதுச் சொத்துகளுக்குச் சங்கத்தின் பெயரில் தனிப் பாலிசி எடுத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்கு எடுத்த பாலிசி பொது ஜெனரேட்டருக்கு உதவாது.

காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 அக்டோபர் எச்சரிக்கையின்போது வெள்ளத்துக்குப் பயந்து எங்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்த படத்தைப் பலரும் சிரித்துக்கொண்டே பகிர்ந்தார்கள். 2023இல் நீரில் நின்ற காரை ‘ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பியவர்கள் சிரிக்கவில்லை. என்ஜினுக்குள் நீர் புகுந்த நிலையில் அதை இயக்கினால் உள்ளே இருக்கும் தண்டுகள் வளைந்துவிடும். விரிவான பாலிசியே இருந்தாலும், என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் சேர்க்கை இல்லையென்றால் அந்தச் செலவைப் பெரும்பாலும் தரமாட்டார்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்துக்கு எதுவுமே கிடையாது.

ஓய்வுபெற்ற சேத மதிப்பீட்டாளர், சென்னை

முடிச்சூர் நண்பர் சொன்னதோடு, காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சேதத்தை மதிப்பிட வீடு வீடாகச் சென்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். 2015இல் நான் பார்த்த மிகக் கொடுமையான நிலை, காப்பீடே இல்லாதவர்களுடையது அன்று; பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டே ஒன்றும் பெற முடியாமல் போனவர்களுடையது. அன்றைய தீ விபத்துப் பாலிசியில், பிரீமியத்தைக் குறைப்பதற்காகப் புயல், வெள்ளம் ஆகியவற்றுக்கான பகுதியை நீக்கிக்கொள்ள இடம் இருந்தது. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த யாரோ ஒரு முகவர் அதை நீக்கியிருப்பார். வீட்டுக்காரருக்கு அது தெரிந்தேயிருக்காது.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது. அதில் புயலும் வெள்ளமும் உள்ளடங்கியவை. பலர் வீட்டின் சந்தை விலைக்கே காப்பீடு கேட்கிறார்கள். அது வேண்டியதில்லை, ஏனெனில் மனையை வெள்ளம் அடித்துக்கொண்டு போவதில்லை. மறுபடி கட்டுவதற்கு ஆகும் செலவே கணக்கு. 900 சதுர அடிக்கு, சதுர அடி 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை 22.5 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 4.5 லட்சம், வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே சேரும். இந்தத் தானியங்கிச் சேர்க்கைக்கு உச்சவரம்பு 10 லட்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். நகைகளுக்கும் கலைப்பொருட்களுக்கும் தனியாக மதிப்பை ஒப்புக்கொண்டு சேர்க்க வேண்டும். இடிபாடுகளை அகற்றும் செலவுக்கு இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரையும், கட்டடப் பொறியாளர் போன்றோரின் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் உண்டு. இவற்றைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

பழைய பாலிசிகளில் இன்னொரு சிக்கல் இருந்தது. 20 லட்சம் பெறுமானமுள்ள வீட்டை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 2 லட்சம் சேதத்துக்கும் பாதியே கொடுப்பார்கள். இந்தப் பாலிசியில் அந்தக் கழிவு இல்லை. இதைச் சொன்னால் முகவர்களே சிலர் நம்ப மறுக்கிறார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, நாறுகிற பொருட்களை அள்ளித் தெருவில் போட வேண்டும் என்பதுதான். சேறு காய்வதற்கு முன்னால் கழுவத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்பாகச் சுவரில் நீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு மின்சாதனத்தின் பின்புறமும் ஒட்டியிருக்கும் வரிசை எண் தகட்டைப் படம் எடுங்கள். நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, கோரிக்கை எண்ணைப் பெற்ற பிறகு அப்புறப்படுத்துங்கள். மதிப்பீட்டாளர் வரத் தாமதமானால், சுகாதாரக் காரணத்தால் அகற்றப் போகிறோம் என்று மின்னஞ்சல் ஒன்று போட்டுவிடுங்கள். நான் போன வீடுகளில், ‘எல்லாம் போய்விட்டது சார்’ என்று காலி அறையைக் காட்டியவர்களுக்கு இழப்பீடாக என்னால் எழுத முடிந்ததைவிட, மழைக்காலத்துக்கு முன்பே அறை அறையாகக் கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்து வைத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியைக்கு எழுத முடிந்தது அதிகம்; இருவரும் இழந்தது ஏறக்குறைய ஒன்றுதான்.

வேதாரண்யம் அருகே, ஓட்டு வீடு

வெள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்; எங்களுக்குக் காற்றுதான் எமன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் ஊரில் ஓடுகள் மேலிருந்து நொறுங்கவில்லை. இறவாணத்தின், அதாவது கூரை விளிம்பின், அடியில் காற்று புகுந்து, கைமரத்தோடு சேர்த்துக் கூரையை மேலே தூக்கியது. சில வீடுகளில் கூரை முழுதாகவே பக்கத்துக் கொல்லையில் கிடந்தது. ஆகவே மேலே பாரம் ஏற்றுவது மட்டும் போதாது, கூரையைச் சுவரோடு பிணைக்க வேண்டும் என்று பிறகு வந்த பொறியாளர் ஒருவர் விளக்கினார். புதிதாக வேய்ந்தபோது, சுவரின் உச்சியில் கான்கிரீட் பட்டை ஓட்டி, அதில் பதித்த இரும்புப் பட்டைகளால் ஒவ்வொரு கைமரத்தையும் கட்டினோம். ஓரத்து மூன்று வரிசை ஓடுகளைச் சுண்ணாம்புக் கலவையால் பூசினோம். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் போட்டவர்கள் ஓரங்களில் ஜே போல்ட்டுகளை (கொக்கி வடிவ ஆணிகளை) நெருக்கமாக வைத்தார்கள்.

மொட்டை மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியைப் புயலுக்கு முன்னால் நிரப்பி வையுங்கள். காலித் தொட்டி பறந்து போய் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. கஜாவுக்குப் பிறகு கரண்டு வர வாரக்கணக்கில் ஆனதால் அந்தத் தொட்டித் தண்ணீர் வேறு வகையிலும் உதவியது. வீட்டை ஒட்டி நிற்கும் தென்னையில் முற்றிய காய்களையும் கனத்த அடிமட்டைகளையும் முன்கூட்டியே இறக்கிவிடுகிறோம்.

மதிப்பீட்டாளர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் பக்கம் ஓட்டு வீட்டுக்கும் கீற்றுக் கொட்டகைக்கும் காப்பீடு கிடைக்குமா?

ஓய்வுபெற்ற சேத மதிப்பீட்டாளர், சென்னை

செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் உள்ள வீட்டுக்குக் கிடைக்கும். தென்னங்கீற்று, மூங்கில், தார்ப்பாய் கொண்டு வேய்ந்ததைக் ‘கச்சா’ கட்டுமானம் என்று தனியே பிரித்துப் பார்ப்பார்கள். சில நிறுவனங்கள் ஏற்காது, ஏற்பவையும் கூடுதல் பிரீமியம் கேட்கும். உங்கள் கொல்லைக் கொட்டகை கீற்று என்றால் விண்ணப்பத்திலேயே அதைத் தனியாக எழுதிக் கொடுங்கள். வீடு முழுவதும் ஓடு என்று எழுதிவிட்டு, பிறகு கொட்டகைக்கும் கேட்டால், ஓட்டு வீட்டுக்கு வர வேண்டியதும் சிக்கலாகும்.

ஏரல், தூத்துக்குடி மாவட்டம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் பெய்த 95 சென்டிமீட்டர் மழையைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். தாமிரபரணி எங்கள் ஊருக்குள் புகுந்தது. எங்கள் வீட்டின் முன்பகுதி மளிகைக் கடை, பின்பகுதி குடியிருப்பு. அரிசி மூட்டைகள் ஊறி முளைவிட்ட நாற்றம் பொங்கல் கழிந்தும் போகவில்லை.

வீட்டுப் பாலிசியில் இழப்பீடு கேட்டபோது, கடைச் சரக்குக்கு ஒரு ரூபாயும் இல்லை என்றார்கள். அது சரியானதே, வீட்டுப் பாலிசி குடியிருப்புக்கு மட்டும்தான் பொருந்தும். கடைக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற வேறு பாலிசி இருக்கிறது. ஆனால் கடை இருக்கிறது என்ற ஒரே காரணத்தைக் காட்டிப் பின்பகுதிக்கும் முதலில் மறுத்தார்கள். விண்ணப்பத்தில் கடைப் பகுதியைத் தனியாகக் காட்டியிருந்த என் தம்பி, அந்த விண்ணப்பத்தின் நகலோடு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினார். ஒரு மாதம் கடந்தும் பதில் இல்லாததால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு மனு அனுப்பினோம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும் என்பது மட்டும் முக்கியம். விசாரணைக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே நிறுவனத்திலிருந்து அழைத்துப் பேசினார்கள்.

பின்பகுதியின் சுவர், மின் இணைப்பு, பொருட்கள் ஆகியவற்றுக்குப் பணம் வந்தது. வீடு குடியிருக்கத் தகுதியாகும் வரை மாமா வீட்டுக்கு அருகில் எடுத்திருந்த வாடகை வீட்டின் வாடகையும் வந்தது. அதற்கு வாடகை ஒப்பந்தத்தையும் மாதந்தோறும் பெற்ற ரசீதுகளையும் கேட்டார்கள். உறவினர் வீட்டில் சும்மா தங்கியவர்களுக்கு அந்த வகையில் எதுவும் கிடைக்கவில்லை.